‘நீங்களே பேப்பர் போட்டுடுங்க’ என்றால் என்ன செய்வது? ஏ.ஐ.யும் வேலையும்: கேள்வி பதில்

ஐ.டி.யிலும் பி.பி.ஓ.விலும் எச்.ஆர். வேலை பார்த்தவள் நான். ஆள் எடுக்கவும் தெரியும், ஆளை அனுப்பும் விதமும் தெரியும். இப்போது வேலை போனவர்களுக்கும் போகப்போகிறது என்று பயப்படுகிறவர்களுக்கும் அவர்கள் கையில் இருக்கும் காகிதங்களைப் படித்துச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கம்பெனி பெயர்களை எடுத்துவிட்டேன்.

பெருங்குடி டெஸ்டர்: அக்கா, ஏழு வருஷமா சாஃப்ட்வேரைச் சோதிக்கிற மேனுவல் டெஸ்டிங் வேலை. இப்ப டெஸ்ட் கேஸ் எழுத ஏ.ஐ. டூல் வந்தாச்சு. எச்.ஆர். கூப்பிட்டு, "உங்க ரோல் இல்ல. நீங்களே பேப்பர் போட்டா ரெண்டு மாச சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் தர்றோம். இல்லன்னா டெர்மினேஷன்னு ரெக்கார்டுல ஏறும்"னு சொல்றாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம். போட்டுடவா?

போடாதீர்கள். ‘நாளைக்குள்’ என்ற கெடுவே நீங்கள் யாரையும் விசாரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ராஜினாமா என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்களாக விருப்பப்பட்டு விலகியது. ஆட்குறைப்புக்கான எந்தப் பாதுகாப்பும் அதற்குக் கிடையாது. ‘ரோல் இல்லை’ என்று அவர்கள் அனுப்பினால் அது ஆட்குறைப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும், அதற்கு முந்தைய 1947-ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டத்திலும் இதற்கான கணக்கு ஒன்றுதான்: ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். உங்களுக்கு ஏழு வருடம், அதாவது 105 நாள். நோட்டீஸ் மாதத்தையும் சேர்த்தால் நாலரை மாதம். புதிய சட்டத்தில், வேறு திறன் கற்க உதவும் மறுதிறன் நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளம் உண்டு. கிராஜுவிட்டி தனி. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் எந்த வழியில் வெளியே வந்தாலும் அது உங்களுடையது, யாரும் தயவு பண்ணித் தருவதில்லை. இப்போது அந்த ‘ரெண்டு மாசம்’ எவ்வளவு பெரிய மனசு என்று பாருங்கள். அதற்குள் நோட்டீஸ் காலச் சம்பளத்தையும் அடக்கிவிட்டார்களா என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆட்குறைப்பில் முடியக்கூடிய புதிய தொழில்நுட்பத்தையோ வேலைமுறை மாற்றத்தையோ கொண்டுவரும் முதலாளி, தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. நூற்பாலைகளுக்கு நவீன இயந்திரம் வந்த காலத்தை மனதில் வைத்து எழுதினாற்போல இருக்கும் அந்த வரி, உங்கள் ஏ.ஐ. டூலுக்கும் அச்சாகப் பொருந்துகிறது. நான் இருந்த இடங்களில் அப்படி ஒரு நோட்டீஸ் போய் நான் பார்த்ததே இல்லை.

இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். "எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. என் பணியிடம் இல்லை என்றால் அதைக் காரணத்தோடு எழுத்தில் தரவும்." இரண்டே வரி போதும். கோபம், கண்ணீர், ஏழு வருட உழைப்பின் கதை எதுவும் வேண்டாம். அதற்கு மேலும் நெருக்கினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். டெர்மினேஷன் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆட்குறைப்பு ஒழுங்கீனத்தின் பேரில் வருவதல்ல.

எல்லாம் கேட்டுவிட்டு, ‘சண்டை வேண்டாம், நல்ல தொகை கொடுத்தால் போகிறேன்’ என்று நீங்கள் முடிவெடுத்தால் அதுவும் சரி. ஆனால் பேரம் நாலரை மாதத்திலிருந்து தொடங்கட்டும்.

அதே டெஸ்டர்: நான் ‘சீனியர் அனலிஸ்ட்’. மேனேஜ்மென்ட் கிரேடாம், தொழிலாளர் சட்டமே எனக்கு வராதுன்னு சொல்றாங்களே?

நாற்காலிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்க்காமல், அதில் உட்கார்ந்து என்ன வேலை செய்தீர்கள் என்று பார்ப்பதுதான் நீதிமன்றங்களின் வழக்கம். தொழில்நுட்ப வேலை செய்கிறவர் தொழிலாளிதான். அவருக்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. 18,000 ரூபாய் வரம்பெல்லாம் மேற்பார்வையாளர்களுக்கு. தமிழக அரசே 2016-ல், ஐ.டி. நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தெளிவுபடுத்திவிட்டது. உங்களுக்குக் கீழே எத்தனை பேர், யாருக்காவது லீவு அனுமதித்தீர்களா, அப்ரைசல் போட்டீர்களா? இல்லையென்றால் நீங்கள் மேனேஜர் இல்லை.

டெலிவரி மேனேஜர், 44 வயது: அப்ப என் மாதிரி ஆளுக்கு?

உங்களுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது சார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் உள்ள நோட்டீஸ் காலமும் கிராஜுவிட்டியும்தான் பிடி. முதல் அடியும் உங்கள் அடுக்கில்தான் விழுகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைப்பதாகச் சொன்னபோது, பெரும்பாலும் நடு, மேல்நிலைப் பதவிகள் என்றுதான் சொன்னார்கள். காரணம் ஏ.ஐ. இல்லை, திறமைக்கும் தேவைக்கும் உள்ள பொருத்தமின்மை என்றார் அதன் தலைமை அதிகாரி.

அதை நான் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர் ஐ.டி. விற்றது மென்பொருளையா? தலைக்கணக்கையும் மணிக்கணக்கையும்தான் விற்றோம். அடியில் நிறைய ஃப்ரெஷர், நடுவில் லீட், மேலே மேனேஜர் என்று ஒரு கூம்பு. ஆள் கூடினால் பில் கூடும். இப்போது அமெரிக்க வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, "ஏ.ஐ. வந்துவிட்டதே, அதே வேலைக்கு விலையைக் குறை" என்கிறார். டூல் உண்மையில் அவ்வளவு நேரம் மிச்சம் பிடிக்கிறதா என்பதை அந்தப் பேரத்தில் யாரும் அளந்து பார்ப்பதில்லை, விலை மட்டும் குறைந்துவிடுகிறது. குறைந்த விலைக்குள் கணக்கை முடிக்க ஆளைக் குறைக்கிறார்கள். இயந்திரம் உங்கள் வேலையைக் கற்றுக்கொள்ளும் முன்பே அதன் பெயரைச் சொல்லி உங்கள் நாற்காலியை எடுத்துவிட முடியும். 2025-ல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு அனுபவமுள்ள 16 புரோகிராமர்களை வைத்துச் சோதித்தது: ஏ.ஐ. டூலோடு வேலை 19 சதவீதம் மெதுவானது, செய்தவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னச் சோதனைதான், டூல்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் ‘வேகமாகிவிட்டோம்’ என்ற நினைப்பை நம்பி ஒப்பந்த விலையை வெட்டுகிறவர்கள் அதைப் படிக்கலாம்.

கீழே உள்ளவர்களிடம் ஸ்டேட்டஸ் வாங்கி மேலே அனுப்புவதுதான் உங்கள் நாளில் பெரும்பகுதி என்றால், அதிலிருந்து இப்போதே நகருங்கள். வாடிக்கையாளரோடு நேரடிப் பேச்சு, விலை பேசுவது, உடைந்த புராஜெக்டை நிமிர்த்துவது ஆகியவற்றுக்கு இன்னும் ஆள் தேடுகிறார்கள்.

அம்பத்தூர், வாய்ஸ் பிராசஸ்: எங்க புளோர்ல சாட்ல வர்ற டிக்கெட்ல, அதாவது கஸ்டமர் புகார்ல, பாதியை சாட்பாட்டே முடிச்சிடுது. எங்களுக்கு எத்தனை நாள்?

ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் 2024-ல், எங்கள் ஏ.ஐ. 700 வாடிக்கையாளர் சேவை ஏஜென்ட்களின் வேலையைச் செய்கிறது என்று அறிவித்தது. அடுத்த வருடமே, தரம் குறைந்துவிட்டது, மனிதர்களை மறுபடி எடுக்கிறோம் என்றது. ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தள்ளுபடி விதியைத் தப்பாகச் சொல்ல, அதற்கு நிறுவனம்தான் பொறுப்பு என்று 2024-ல் அங்கே தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ஆக, மொத்தமாகக் காலியாகாது. ஆனால் பாஸ்வேர்டு ரீசெட், ‘ஆர்டர் எங்கே’ மாதிரியான டிக்கெட்டுகள் உங்களிடம் திரும்பி வரப்போவதில்லை. பாட் முடிக்க முடியாமல் கோபத்தோடு வரும் அழைப்புகள்தான் மிஞ்சும். வேலை கடினமாகும், ஒரு அழைப்பை முடிக்க ஆகும் ஹேண்டிலிங் டைம் ஏறும், டார்கெட் மட்டும் பழையதாகவே இருக்கும். சண்டை போட வேண்டிய இடம் அதுதான்.

ஒரு ஆறுதல். 5,000-க்கும் மேற்பட்ட ஏஜென்ட்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஏ.ஐ. உதவியோடு மணிக்கு முடித்த டிக்கெட் 14 சதவீதம் கூடியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 34 சதவீதம். பழைய கைகளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் கூடவில்லை. காரணம் எளிது, அவர்கள் பேசிப் பேசிப் பழகியதைத்தான் டூல் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்தச் சீனியர்களுக்கு அதற்காகக் காசு கொடுத்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு அம்மா, சேலம்: பையன் பிளஸ் டூ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்கிறான். இனிமே அதுல வேலை இருக்குமா மேடம்?

அம்மா, 2016-ல் ஜெஃப்ரி ஹின்டன் என்ற பெரிய விஞ்ஞானி, ரேடியாலஜிஸ்ட்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் கணினியே பார்த்துவிடும் என்றார். பின்னால் நோபல் பரிசும் வாங்கினார். ஸ்கேன் பார்க்கும் டாக்டர்களுக்கு இன்றைக்கும் தட்டுப்பாடுதான். அதனால் நாலு வருடம் கழித்து எது இருக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

கண்ணில் படுவதைச் சொல்கிறேன். சிரமம் முதல் படியில்தான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2025-ல் அமெரிக்கச் சம்பளப் பதிவேடுகளைப் பார்த்ததில், ஏ.ஐ. அதிகம் தொடும் தொழில்களில் 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் குறைந்திருந்தது. அதே தொழில்களில் மூத்தவர்கள் பெரிதாக அசையவில்லை. முன்பு ஃப்ரெஷரை எடுத்து, சரிசெய்யச் சொல்லி சின்னச் சின்ன பக் (புரோகிராம் பிழை) கொடுத்து, ரெண்டு வருடத்தில் ஆளாக்குவோம். அந்தச் சின்ன பக்குகளை இப்போது டூல் முடிக்கிறது. ஆளாவதற்கு எங்கே போவது? எனக்கு இதில்தான் உண்மையான கவலை. மூத்தவர்களை இன்றைக்கு வைத்துக்கொள்கிறார்கள் சரி, பத்து வருடம் கழித்து மூத்தவர் எங்கிருந்து வருவார்?

பையனுக்கு நிஜமாகவே கணக்கிலும் கம்ப்யூட்டரிலும் ஆசை இருந்தால் சேருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்தான் என்பதற்காக, எந்தக் கல்லூரியானாலும் பரவாயில்லை, அந்தக் குரூப் கிடைத்தால் போதும் என்று லட்சக்கணக்கில் மேனேஜ்மென்ட் சீட் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். நல்ல கல்லூரியில் எலக்ட்ரிக்கலோ மெக்கானிக்கலோ கிடைத்தால், அதோடு புரோகிராமிங்கும் கற்கலாம்.

நாமக்கல் பக்கம், டேட்டா லேபிளிங்: ஏ.ஐ.க்கு படத்துல பெட்டி வரைஞ்சு கொடுக்குற வேலை. இந்த வேலையே எங்களுக்குக் குழி தோண்டுதா?

சாலைப் படத்தில் கார், மாடு, சைக்கிள் என்று பெட்டி போடும் வேலை குறையும், பெரும்பகுதியை ஏ.ஐ. மாடலே போட்டுவிட்டு உங்களைச் சரிபார்க்கச் சொல்லும். மருத்துவப் படம், தமிழ்ப் பேச்சு மாதிரி தெரிந்தவர் மட்டும் சொல்லக்கூடிய வேலைக்கு நகர முடிந்தால் நகருங்கள். கென்யாவில் வன்முறையும் ஆபாசமும் நிறைந்த பதிவுகளைப் பிரித்த தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது என்று 2023-ல் வெளிவந்தது. அப்படிப்பட்ட வேலை உங்கள் திரைக்கு வந்தால், மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் சொல்லக் கூடாது என்று ரகசியக் கையெழுத்து வாங்குவார்கள். டாக்டரிடம் சொல்ல அது தடையில்லை.

டப்பிங் குரல், வடபழனி: ஒரு ஸ்டூடியோ நாள் முழுக்க வாக்கியம் வாக்கியமா வாசிக்கச் சொல்லுது, பேமென்ட் நல்லா இருக்கு. போகலாமா?

படமும் இல்லை, பாத்திரமும் இல்லை, வெறும் வாக்கியம் என்றால் உங்கள் குரலை நகல் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலைக்கு, எத்தனை வருடம், எந்த மொழியில், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ‘எல்லா ஊடகங்களிலும் நிரந்தரமாக’ என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 2024-ல் ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தபோது குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தார். அதே ஆண்டு பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி நகலெடுக்க பாம்பே உயர்நீதிமன்றம் தடை போட்டது. இறந்தவர் குரலுக்கே விலை இருக்கும்போது உங்கள் குரல் ஒருநாள் பேட்டாவுக்குப் போகக் கூடாது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: எண்பதுகளில் வங்கிக்கு கம்ப்யூட்டர் வந்தபோதும் இதே கூச்சல்தான். ஒருத்தர் வேலையும் போகவில்லையே அம்மா?

போகவில்லை ஐயா, ஏன் போகவில்லை? 1983-ல் வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் உட்கார்ந்து, என்ன மாதிரி இயந்திரம், எங்கெங்கே என்று ஒப்பந்தம் போட்டார்கள். அந்தக் கூச்சல் இல்லாமல் அந்த ஒப்பந்தம் இல்லை. ஹாலிவுட் எழுத்தாளர்கள்கூட 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்துதான் ஏ.ஐ.க்கு வரம்பு எழுதி வாங்கினார்கள். பெருங்குடியில் உட்கார்ந்து தனியாக மெயில் டைப் பண்ணும் பெண்ணிடம் ‘பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்’ என்று உங்கள் கதையை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெயர் வேண்டாம்: ஏ.ஐ.கிட்ட எப்படிக் கேக்கணும்னு சொல்லித்தர்ற ‘பிராம்ட் இன்ஜினியரிங்’ கோர்ஸ், 85,000 ரூபாய், பிளேஸ்மென்ட் கேரன்டி. சேரலாமா?

வேண்டாம்.

தரமணி: என் பேஸ்லிப், அப்ரைசல் எல்லாம் ஆபீஸ் லேப்டாப்லதான் இருக்கு. லே-ஆஃப் பேச்சு அடிபடுது.

இன்றைக்கே உங்கள் சொந்த மெயிலுக்கு எடுத்துவையுங்கள்: அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், இன்கிரிமென்ட் கடிதங்கள், கடைசி ஒரு வருடப் பேஸ்லிப், அப்ரைசல், பாராட்டு மெயில். பி.எஃப். கணக்கில் உங்கள் சொந்த மொபைல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அழைப்பு வந்த அரை மணியில் லாகின் போய்விடும். ஆனால் உங்களைப் பற்றிய காகிதங்களை மட்டும் எடுங்கள். வாடிக்கையாளரின் ஒரு வரி கோடோ ஒரு எக்ஸெல் ஷீட்டோ கூடப் போனால், ஆட்குறைப்பாக முடிய வேண்டியதை ஒழுங்கீனமாக மாற்ற அவர்களுக்கு நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.