15 வயது மகளோடு சேர்ந்து பழைய மாரிஸ் மைனர் எஞ்சினை ஓவர்ஹால் செய்யலாமா? எங்கே தொடங்குவது?

கேட்டவர் சொல்லியிருப்பது இவ்வளவு: கார் 1098 சிசி மாரிஸ் மைனர். நீலப் புகை விடுகிறது, ஆயில் குடிக்கிறது. மகளுக்கு ஆர்வம் இருக்கிறது. அவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆனால் எஞ்சினை முழுதாகப் பிரித்ததில்லை.

தாராளமாகச் செய்யலாம். 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்த பிஎம்சி ஏ சீரிஸ் குடும்பத்து எஞ்சின் இது. வார்ப்பிரும்பு பிளாக், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங், எட்டு வால்வு, ஒரு கார்புரேட்டர். முதல்முறை கை வைப்பவருக்கு இதைவிடத் தோதான எஞ்சின் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் வேலையைப் பங்கு போடுவதில் ஒன்றைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்: அளவு எடுப்பதும் அதை நோட்டில் எழுதுவதும் மகளின் பொறுப்பு. பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்குக் கிடைப்பது மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும்தான். அளப்பது, பொருத்துவது எல்லாம் பெரியவர் கையில். மூன்றாவது வாரம் பிள்ளை ஆளையே காணோம் என்று புலம்புவதில் அர்த்தமில்லை. எஞ்சின் வேலையில் மூளைக்கு வேலை தருவது மைக்ரோமீட்டர்தான், அதை அவளிடம் கொடுங்கள். கழுவுவதை இரண்டு பேரும் செய்யுங்கள்.

பிரிப்பதற்கு முன்னால் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பார்ப்பது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். நாலு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி. எண் நன்றாக ஏறினால் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) போரும் (சிலிண்டரின் உட்துளை) தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்படுங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். புகைக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று மகளை முதலில் ஊகிக்கச் சொல்லி அதையும் நோட்டில் எழுதவையுங்கள். ஹெட்டைக் கழற்றும்போது விடை தெரிந்துவிடும்.

எஞ்சினை வெளியே எடுப்பது பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பேட்டரி, பெட்ரோல் குழாய், ஆயில், கூலன்ட் என்று எல்லாம் பிரித்த பிறகு ஹாய்ஸ்ட் வைத்துத் தூக்க வேண்டியதுதான். கனம் 100 கிலோவைத் தாண்டும். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக்கூடாது, உங்களுடையதும்தான். ஸ்டாண்டில் மாட்டும் போல்ட்டில் 8.8 என்று தலையில் குறியிருக்கிறதா பாருங்கள். கிடைத்த போல்ட்டைப் போட்டு மாட்டாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காலத்து கேஸ்கட், கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங் இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஒட்டிக்கொண்டிருக்கும் கேஸ்கட்டை டிரில்லில் வயர் பிரஷ் மாட்டித் தேய்க்கக்கூடாது. ஈரமாக்கி, மழுங்கலான ஸ்கிரேப்பரால் மெதுவாகச் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டுங்கள். பி3 அல்லது பி100 ஃபில்டர் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். காற்றழுத்தத்தால் ஊதுவது கூடவே கூடாது.

பிரிக்கும்போது வரிசை குலையாமல் பார்ப்பதுதான் பாதி வேலை. ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து எட்டு எட்டாக ஓட்டை போட்டு, வால்வுகளைத் திறக்க உதவும் புஷ் ராடு கம்பிகளை வந்த வரிசையிலேயே குத்தி வையுங்கள். அவற்றின் அடியில் இருக்கும் டேப்பெட்டுகளும் அப்படியே. ஒவ்வொரு டேப்பெட்டும் தன்னைத் தள்ளும் கேம் ஷாஃப்ட் மேட்டோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். இடம் மாறினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மெயின் பேரிங் கேப்புகளை (மூடிகளை) பிளாக்கோடு சேர்த்து மாட்டித்தான் துளையிட்டிருப்பார்கள், அதனால் அவை இடம் மாறவோ திரும்பவோ கூடாது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் அதன் கேப்புக்கும் இதே கதைதான். இந்த எஞ்சினில் ராடின் பெரிய முனை சாய்வாக வெட்டப்பட்டிருப்பது மேல்வழியாக வெளியே வருவதற்காகத்தான். எண் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேப்பை மாட்டிய நிலையில் குத்திவிட்டு, எண் எந்தப் பக்கம் பார்த்தது என்றும் குறியுங்கள். போன் படம் எடுக்கட்டும், ஆனால் படம் மட்டும் போதாது. ஒரு போல்ட் எவ்வளவு நீளம் என்று படம் சொல்லாது.

பிஸ்டனை மேலே தள்ளும் முன் போரின் உச்சியில் நகத்தால் தடவிப் பாருங்கள். மேல் ரிங் எட்டாத இடத்தில் ஒரு விளிம்பு நிற்கும். நகம் தட்டினால் அதை ரிட்ஜ் ரீமரால் எடுத்துவிட்டுத்தான் பிஸ்டனைத் தள்ள வேண்டும். இல்லையென்றால் ரிங்கும் அது உட்காரும் காடியும் உடையும்.

இனிமேல்தான் அளவு. ஒரு போருக்கு ஆறு அளவு: மேல், நடு, கீழ், ஒவ்வொன்றிலும் கிராங்க் ஷாஃப்ட்டின் நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. போர் அதிகம் தேய்வது மேலே, குறுக்குவாட்டில். பிஸ்டன் பக்கச் சுவரை அழுத்துவது அந்தத் திசையில்தான். கிராங்க் ஷாஃப்ட் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும், 90 டிகிரி திருப்பியும் அளக்க வேண்டும். நீங்கள் ஒருமுறை, மகள் ஒருமுறை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல். வித்தியாசம் 0.01 மி.மீ.க்கு மேல் போனால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். பெரும்பாலும் தப்பு பெரியவர் பக்கம்தான் இருக்கும், மைக்ரோமீட்டரை சி-கிளாம்ப் மாதிரி இறுக்கிப் பழகிய கை அது. கடைசித் திருப்பு ராட்செட்டில்தான் இருக்க வேண்டும். உள்ளங்கைச் சூடு ஏறினாலும் அளவு மாறும்.

இந்த எண்களை மேனுவலோடு ஒப்பிட்டால் போர் பெரிதாக்கணுமா, கிராங்க் கிரைண்டிங் வேண்டுமா என்று அவளே சொல்லிவிடுவாள். கிராங்கை 0.010, 0.020 அங்குலம் என்று படிப்படியாகக் குறைப்பார்கள், பேரிங்கும் அதே கணக்கில் வாங்க வேண்டும். பழைய பேரிங்கின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். முன்பே ஒருமுறை கிரைண்ட் ஆகியிருந்தால் அங்கே எண் இருக்கும். ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் லேத் பட்டறையில் கொடுத்து, அதற்கேற்ப போர் செய்யச் சொல்லுங்கள். போரை முதலில் வெட்டிவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. ஹெட்டில் விரிசல் சோதனை கேளுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய வால்வு சீட்டும் கேளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல்தான் அந்த மெத்தென்ற சீட்டைக் காப்பாற்றி வந்தது. 2021இல் அல்ஜீரியாவும் நிறுத்திவிட்டதோடு கார்களுக்கு அந்தப் பெட்ரோல் உலகில் எங்கும் விற்பனையில் இல்லை.

பட்டறையிலிருந்து சாமான் திரும்பி வரப் பல வாரம் ஆகலாம். பிள்ளைகளின் ஆர்வம் வற்றுவது இந்த இடைவெளியில்தான். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், வாட்டர் பம்ப், டைனமோ ஆகியவற்றை முன்பே தொட்டுவிடாமல் இதற்காக ஒதுக்கி வையுங்கள். ஒரு சனிக்கிழமைக்கு ஒன்று என்று தனியாக முடிக்கக்கூடிய வேலைகள் அவை.

வந்த பிளாக் சுத்தமாகத்தான் தெரியும். நம்பாதீர்கள். ஹோனிங் செய்த (போரைக் கல்லால் தேய்த்த) பொடி போரின் கோடுகளுக்குள் இருக்கும். பெட்ரோலாலோ தின்னராலோ கழுவினால் அது அங்கேயே தங்கிவிடும். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, விறைப்பான பிரஷ். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை விடக்கூடாது. ஆயில் பாதைகளின் அடைப்பான்களைக் கழற்றி நீள பிரஷ் விட்டுக் கழுவுங்கள். உலர்த்திய உடனே ஆயில் தடவ வேண்டும், வார்ப்பிரும்பு நிமிடக்கணக்கில் துருப்பிடிக்கும். இந்த ஒரு கட்டத்தில் சோம்பினால் புது ரிங் சில நூறு கிலோமீட்டரில் பழைய ரிங் ஆகிவிடும்.

பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெல்லிய நூல்) வைத்துப் பாருங்கள். ஜர்னல் உலர்ந்திருக்க வேண்டும், கேப்பை முழு டார்க்கில் (மேனுவல் சொல்லும் முறுக்கு அளவில்) இறுக்க வேண்டும், கிராங்கைத் திருப்பக் கூடாது. திருப்பினால் நூல் இழுபட்டு அளவு பொய்யாகும். நடு மெயினில் வரும், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரின் பள்ளக் கோடுகள் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போடுவது நிறையப் பேர் செய்யும் தப்பு. கிளட்ச்சை மிதிக்க மிதிக்க வாஷர் தேய்ந்துபோகும்.

ரிங்கைப் போரில் இட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். போர் விட்டத்தில் அங்குலத்துக்கு 0.004 அங்குலம் என்பது பொதுக் கணக்கு. இந்த எஞ்சினுக்கு ஏறக்குறைய 0.25 மி.மீ. வரும். கம்மியாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். பிஸ்டனை இறக்கும்போது சுத்தியல் கைப்பிடியால் தட்டுகையில் எங்காவது நின்றால் நிறுத்துங்கள், ரிங் வெளியே வந்திருக்கிறது. ஓங்கித் தட்டினால் உடைந்துவிடும். ஒவ்வொரு கேப், ஒவ்வொரு பிஸ்டன் போட்ட பிறகும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் குற்றவாளி கடைசியாகப் போட்டதுதான்.

டார்க் விஷயத்தில் அலகைக் கவனியுங்கள். பழைய மேனுவல் பவுண்டு-அடியில் இருக்கும். ஹெட் நட்டுக்கு 40 பவுண்டு-அடி என்றால் 54 நியூட்டன் மீட்டர். 40ஐ அப்படியே நியூட்டன் மீட்டரில் வைத்தால் முக்கால் பங்கு இறுக்கம்தான், ஹெட் கேஸ்கட் தாங்காது. நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக இறுக்கவும். அடி மூடிய துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் அழுத்தும்போது வார்ப்பிரும்பே வெடித்துவிடும், முன்பே துடைத்தெடுங்கள்.

டேப்பெட் இடைவெளி ஆறிய எஞ்சினில் 0.30 மி.மீ. வால்வுகளுக்கு முன்னிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9இலிருந்து கழித்தால் சரிசெய்ய வேண்டிய வால்வு. இந்தக் கணக்கை அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள்.

கிராங்கின் பின் முனையில் இந்த எஞ்சினுக்கு ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ளும் மரைக்கோடுதான் இருக்கும். நின்ற பிறகு ஒன்றிரண்டு சொட்டு விழுவது அதன் பிறவிக்குணம், அதற்காக மறுபடி பிரிக்காதீர்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் பிரஷர் காட்டுகிறதா பாருங்கள். பம்ப்பைக் கேம் ஷாஃப்ட்டின் பின்முனை ஓட்டுவதால் டிரில் மாட்டிச் சுற்ற வழியில்லை. மாட்டும்போதே பம்ப்பில் ஆயிலை நிரப்பி வைப்பது நல்லது. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சாவி அவள் கையில், கண் உங்களுக்குப் பிரஷர் கேஜில். கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடித்தால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2.

கேமும் டேப்பெட்டும் புதிது என்றால் ஸ்டார்ட் ஆன கணமே 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி 20 நிமிடம் அப்படியே ஓட்டவும், ஐடிலில் விடக்கூடாது. ஆயில் ஜிங்க் அதிகமுள்ளதாக, பழைய எஞ்சினுக்கென்றே விற்பதாக இருக்கட்டும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு ரோட்டில் எடுங்கள். மிதமான சுமையில் ஏற்றி, காலை எடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைத்து, மறுபடி ஏற்றி ஓட்டுங்கள். சும்மா தடவித் தடவி ஓட்டினால் போர் பளபளத்துப்போய் ரிங் உட்காராது, நீலப் புகை திரும்ப வரும். 800 கிலோமீட்டரில் ஆயில் மாற்றி, ஹெட் டார்க்கையும் டேப்பெட்டையும் மறுபடி பாருங்கள், ஹெட்டை இறுக்கினால் டேப்பெட் இடைவெளி மாறும். கழற்றிய ஆயில் ஃபில்டரைப் பிரித்து மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் படலம் சகஜம். நகத்தில் தட்டுப்படும் துகள் இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றுங்கள்.