ஆங்கிலத் தேர்வு – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். அப்பா தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். நான் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு. எட்டாவது வரை தமிழ் மீடியம். மற்ற பாடங்களை எப்படியோ சமாளித்துவிடுவேன். ஆங்கிலம்தான் பயமாக இருக்கிறது, ரிவிஷனை எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. கிரியேட்டிவ் ரைட்டிங் பகுதிக்கு டியூஷனில் மாதிரிக் கட்டுரைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். எனக்குக் கற்பனை சுத்தமாக வராதுங்க. இலக்கியப் பகுதியோ, கைடு படிக்கும்போது புரிகிறது, மூடி வைத்தால் மறந்துவிடுகிறது. நீங்கள் கதை எழுதுகிறவர், ஏதாவது வழி சொல்வீர்கள் என்று எழுதுகிறேன்.

உங்கள் வாசகி,
க.

அன்புள்ள க.,

கற்பனை வராது என்று கவலைப்படாதே அம்மிணி. அந்தப் பகுதிக்குப் பெயர்தான் பெரிசு. உள்ளே கேட்பது ஓர் அறிவிப்பு, ஓர் அழைப்பிதழ் அல்லது அதற்குப் பதில், ஒரு கடிதம், அப்புறம் ஒரு கட்டுரை அல்லது அறிக்கை. 80 மதிப்பெண்ணில் இதற்கு 18. உன்னை யாரும் கதை எழுதச் சொல்லவில்லை.

அறிவிப்பும் அழைப்பிதழும் 50 சொல்லுக்குள் முடிகிறவை, ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். அறிவிப்பென்றால் கட்டம், பள்ளியின் பெயர், தேதி, தலைப்பு, கீழே எழுதுகிறவரின் பெயரும் பொறுப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் கைக்கு வந்துவிடும். அதற்குமேல் மெனக்கெடாதே.

கடிதமும் கட்டுரையும்தான் உழைக்க வேண்டிய இடம். 120 முதல் 150 சொல், தலா 5 மதிப்பெண். அதில் வடிவத்துக்கு 1, கருத்துகளை ஒழுங்காக அடுக்கியதற்கு 1, பிழையில்லாமல் எழுதியதற்கு 1, உள்ளடக்கத்துக்கு 2. மனப்பாடக் கட்டுரை அடிவாங்குவது இந்த 2-ல். நீர் மாசு என்று தலைப்பு வந்தால் "தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லை" என்று தொடங்குகிற விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக வரும். திருத்துகிறவர் முதல் வரியிலேயே மிச்சத்தையும் ஊகித்துவிடுவார்.

உன்னிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணை உங்கள் பக்கம்தானே? நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்தார்கள். திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு வந்து தேங்கி, அந்தத் தண்ணீர் வயலுக்கு ஆகாமல் போனது. தங்களுக்காகக் கட்டிய அணையை எதிர்த்தே விவசாயிகள் போராட வேண்டி வந்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் மறுபடி ஓடின. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சாயம் ஏறாமல் பனியன் கிடையாது, பனியன் கம்பெனி இல்லாமல் உங்கள் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் சம்பளம் கிடையாது. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு நீ என்ன நினைக்கிறாய் என்று இரண்டு வரி எழுது. 150 சொல் போதவில்லை என்றுதான் திண்டாடுவாய். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் பிழையும் குறையும்.

பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமும் இப்படித்தான். தெருநாய்த் தொல்லை என்று கேட்டால், பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதற்கு இழப்பீடு கேட்டு உங்கள் பக்கம் விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தார்களே, அதை எழுது. டெல்லி மாணவனுக்கு அது கிடைக்காது. ஒன்றில் மட்டும் கவனம். கேள்வியில் ஒரு பெயரும் முகவரியும் கொடுத்திருப்பார்கள். அதைத்தான் போட வேண்டும், உன் சொந்தப் பெயரோ நீ படிக்கிற பள்ளியின் பெயரோ எங்கும் வரக்கூடாது. உன் ஊர் எடுத்துக்காட்டாக உள்ளே வரலாம், அவ்வளவுதான்.

ஆக, இந்தப் பகுதிக்கு ரிவிஷன் என்றால் கட்டுரைகளைப் படிப்பது இல்லை. நோட்டில் தலைப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கு. தண்ணீர், போக்குவரத்து, பெண்கல்வி, செல்போன் என்று நீயே போட்டுக்கொள். ஒவ்வொன்றின் கீழும் உனக்கு நேரடியாகத் தெரிந்த நாலைந்து விஷயங்களைக் குறித்து வை. பிறகு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் எழுதி முடி. சொற்களை எண்ணு. மறுநாள் நீயே சிவப்புப் பேனாவால் திருத்து.

இலக்கியத்துக்கு 40 மதிப்பெண். அதில் 16, பாடத்தின் வரிகளையே கொடுத்து அதன்மேல் கேட்கிற கேள்விகள். கைடு உனக்கு அங்கே உதவாது. கைடில் இருப்பது பொழிப்பு. அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால்தான் மறந்துபோகிறது. நினைவில் நிற்பது விவரங்கள்.

'தி டைகர் கிங்' பாடத்தை எடுத்துக்கொள். எழுதியது நம் கல்கி. தமிழில் 'புலி ராஜா'. அவருடைய எழுத்து நாட்டுடைமையானது, இணையத்திலேயே கிடைக்கும். முதலில் அதைத் தமிழில் ஒருமுறை படித்துச் சிரித்துவிடு. பிறகு ஆங்கிலப் பாடத்தைப் படி. அதை மூடிவைத்துவிட்டு எழுது: நூறாவது புலி உண்மையில் எப்படிச் செத்தது? துரைசாணிக்குப் போன மோதிரங்கள் எத்தனை? இரண்டேகால் அணா பெறாத மரப்பொம்மைக்குக் கடைக்காரர் என்ன விலை சொன்னார்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால், அதிகாரத்தைக் கல்கி எப்படிக் கேலி செய்கிறார் என்ற 5 மதிப்பெண் கேள்விக்கு விடை உன் கையில் இருக்கிறது. அந்த மரப்பொம்மையின் சிராய் ராஜாவின் கையில் ஏறிய இடத்தை எழுதாமல் 'முரண்நகை' என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்கூடத் தேறாது.

'மெமரீஸ் ஆஃப் சைல்ட்ஹுட்' பாடத்தில் எழுத்தாளர் பாமாவின் பகுதியும் அப்படித்தான். பள்ளிவிட்டு வருகிற சிறுமி தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்கிறாள். ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கி வருகிறார். அவள் சிரிக்கிறாள். மேல்சாதிக்காரருக்குப் போகிற பொட்டலத்தை அவர் தொட்டால் தீட்டாம். அண்ணன் இந்தக் காரணத்தைச் சொன்ன பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வரிசை மனதில் இருந்தால் எந்தக் கோணத்தில் கேட்டாலும் எழுதலாம்.

அசோகமித்திரனின் 'பொயட்ஸ் அண்ட் பான்கேக்ஸ்' பாடத்தையும் ஆங்கிலத்துக்காகவே ஒருமுறை மெதுவாகப் படி. ஜெமினி ஸ்டுடியோவில் செய்தித்தாள் துணுக்குகளை வெட்டிக் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்த மனிதர். அந்தப் பாடத்தை அவரே ஆங்கிலத்தில் எழுதினார். அலட்டல் இல்லாத ஆங்கிலம். உன் டியூஷன் கட்டுரைகளில் வருகிற அலங்காரச் சொல் ஒன்றாவது அதில் இருக்கிறதா பார்.

கவிதைகள் ஐந்துதான். சத்தமாகப் படி, வீட்டில் கேலி செய்தாலும் பரவாயில்லை.

அப்புறம், முறையான அழைப்பிதழில் 'நான்', 'நாங்கள்' வராது. படர்க்கையில்தான் எழுத வேண்டும், கையெழுத்தும் கிடையாது. பதிலும் அதே மாதிரிதான்.