மூன்றாவது கட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். கடன் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை எங்கள் குழு செய்து முடித்திருக்கிறது. அடுத்த மாதம் வெளியீடு. இப்போது மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இதற்கு ஓர் அறநெறி ஆவணம் எழுதிக் கொடு என்கிறார். நியாயம், வெளிப்படைத்தன்மை, பொறுப்பு என்று தலைப்பு போட்டுப் பத்துப் பக்கம் எழுதிவிட்டேன். எழுத எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இந்த மூன்றில் எதற்கு முதலிடம்? உலகத்தில் இருக்கும் அறநெறிச் சட்டகங்களில் எதைப் பின்பற்றலாம்? நாங்கள் வெறும் பொறியாளர்கள், கொடுத்ததைச் செய்கிறோம். அறமெல்லாம் மேலே இருப்பவர்கள் பார்க்க வேண்டியது இல்லையா? நாளைக்கே இந்த இயந்திரங்களுக்குப் பிரக்ஞை வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

‘எழுத எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக என் மனதில் அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றை அது தொட்டுவிட்டது. அந்தக் கூச்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆவணத்தை முடித்துக் கொடுத்ததும் அது போய்விடும், அப்படிப் போக விடாதீர்கள்.

பிரக்ஞை பற்றிய பயத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அடுத்த மாதமே உங்கள் மென்பொருள் யாரோ ஒருவருக்குக் கடன் இல்லை என்று சொல்லப்போகிறது. அவருக்குப் பிரக்ஞை இருக்கிறது, முதலில் அவரைப் பற்றிக் கவலைப்படுவோம். சட்டகங்கள் நிறைய உண்டு. 2021 நவம்பரில் யுனெஸ்கோவின் 193 உறுப்பு நாடுகள் ஏற்ற பரிந்துரை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இருக்கிறது. தனிமனிதரின் கடன் தகுதியை மதிப்பிடும் மென்பொருளை அந்தச் சட்டம் அதிக ஆபத்துள்ளவற்றின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஒரு வாரம் உட்கார்ந்தால் இரண்டையும் படித்துவிடலாம். படியுங்கள்.

என்னைக் கோபப்படுத்தியது வேறு இடம். ‘வெறும் பொறியாளர்கள், கொடுத்ததைச் செய்கிறோம்.’ இதை இனி எங்கேயும் எழுதாதீர்கள். உங்களுக்கு என்ன கொடுத்தார்கள்? நல்ல விண்ணப்பத்தையும் மோசமான விண்ணப்பத்தையும் பிரித்துக் கொடு என்றார்கள். நல்லது எது என்று யார் சொன்னது? ஒரு தவணை தாமதமாகி, பிறகு வட்டியோடு மொத்தத்தையும் கட்டி முடித்தவர் எந்தப் பக்கம்? மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்தவர் எந்தப் பக்கம்? மேலே இருப்பவர் யாரும் இதற்குப் பதில் சொல்லியிருக்க மாட்டார். ஏதோ ஒரு மத்தியானம் உங்கள் குழுவில் ஒருவர், தவணை தவறி 90 நாள் ஆனால் ‘மோசம்’ என்று நிரலில் ஒரு வரி எழுதியிருப்பார். கடன் துறையில் பலரும் வைக்கும் எண் அது, அதனால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் மென்பொருளின் அறம் அந்த மத்தியானம் எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் இப்போது எழுதும் பத்துப் பக்கம் அதற்குப் போடும் அட்டை.

இன்னொன்றையும் யோசியுங்கள். முன்பு கடன் மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்களே, கொடுத்திருந்தால் அவர்கள் கட்டியிருப்பார்களா? உங்கள் தரவில் அதற்குப் பதில் கிடையாது, கொடுக்கவே இல்லையே. ஆனாலும் அவர்களைப் போன்ற ஒருவர் அடுத்த மாதம் வந்து நிற்கும்போது உங்கள் மென்பொருள் ஒரு மதிப்பெண் சொல்லும். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லாது.

அமெரிக்க மருத்துவமனைகளில் இப்படி ஒன்று நடந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று கண்டுபிடிக்க ஒரு நிரலைப் பயன்படுத்தினார்கள். 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் ஜியாத் ஓபர்மேயர் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் அதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவருக்கு எவ்வளவு நோய் என்பதை அளப்பது கடினம். எவ்வளவு செலவானது என்பது கணக்கில் தயாராக இருக்கிறது. ஆகவே செலவை நோயின் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அதே அளவு நோயோடு இருந்த கறுப்பின மக்களுக்கு அங்கே குறைவாகவே செலவு செய்யப்பட்டிருந்தது. எனவே நிரல் அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று எடுத்துக்கொண்டது. இனம் என்ற தகவலே அதற்குக் கொடுக்கப்படவில்லை, யாரும் கெட்ட எண்ணத்தோடு உட்காரவும் இல்லை. கோளாறைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தரவு அட்டவணையில் ஒரே ஒரு நெடுவரிசையின் தலைப்பு செய்த வேலை, ஆர்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததில் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லும்படி எதுவுமே இல்லை, வெறும் வகுத்தல். அரசு உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டார்கள். சில மாதம் வேலை, சில மாதம் சும்மா என்று இருந்தவர்களுக்கு, வேலையே இல்லாத வாரங்களிலும் சம்பளம் வந்ததாகக் கணக்கு காட்டிற்று. நீ இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று கடிதம் போனது. இல்லை என்று நிரூபிப்பது கடிதம் வந்தவரின் பொறுப்பு. 2023இல் அரச விசாரணை ஆணையம் அறிக்கை தரும்வரை அந்தக் கதை நீண்டது. அந்தந்த வாரத்தில் என்ன வருமானம் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. தெரியாத இடத்தைச் சராசரியால் நிரப்பினார்கள்.

இதெல்லாம் எனக்கு வெறும் செய்தி இல்லை. நானும் அப்படி நிரப்பியவன்தான்.

பல வருடங்களுக்கு முன்பு, எழுத்து சோறு போடாத காலத்தில், வீட்டிலிருந்தே லேபிள் போடும் வேலை ஒன்று பார்த்தேன். திரையில் ஒரு வாக்கியம் வரும். கீழே மூன்று கட்டங்கள்: ‘வசை’, ‘வசை அல்ல’, ‘தெரியவில்லை’. ஒன்றை அழுத்தினால் அடுத்த வாக்கியம். நாளைக்கு நூற்றுக்கணக்கில். இயந்திரத்துக்கு மொழி கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள், எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு நாள் இப்படி ஒன்று வந்தது: ‘சனியனே, மூணு நாளா போன் பண்ணாம எங்கடா போய்த் தொலைஞ்ச?’

எனக்கு ஓர் அம்மாவின் குரல் கேட்டது. மூன்று நாள் தூங்காத குரல். ‘வசை அல்ல’ மேல் விரலைக் கொண்டுபோனேன். அப்போது அதே வாக்கியத்தை ஒரு வட்டிக்காரனின் குரலில் வாசித்துப் பார்த்தேன். ஓர் எழுத்தை மாற்றாமல் மிரட்டலாகிவிட்டது. முன்னாலும் பின்னாலும் யார் என்ன பேசினார்கள் என்று காட்டமாட்டார்கள். ‘தெரியவில்லை’யை அழுத்தினேன்.

நான் அதை அடிக்கடி அழுத்துகிறேன் என்று அடுத்த வாரம் ஒரு செய்தி வந்தது. ‘முடிவெடுக்கப் பழகுங்கள்.’ குறைத்துக்கொண்டேன். பிறகு ஒரு காலையில் திரையைத் திறந்தால் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை. அன்று முழுக்க என் விரல் அந்த வெற்றிடத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

அதன்பிறகு சந்தேகம் வந்தபோதெல்லாம் ‘வசை’ என்று அழுத்தினேன். காரணம் சொல்கிறேன், கேளுங்கள். ஒரே வாக்கியத்தை மூன்று பேருக்குக் கொடுத்துப் பெரும்பான்மையை எடுத்துக்கொள்வார்கள். பெரும்பான்மையோடு ஒத்துப்போகாதவருக்குக் கூலி பிடிக்கப்படும். ‘வசை’ என்று போட்டால் பெரும்பாலும் பிடிக்கமாட்டார்கள், ஏனென்றால் மற்ற இருவரும் பயந்து அதையேதான் போட்டிருப்பார்கள். எத்தனை அம்மாக்களை அப்படி வசையாளிகள் ஆக்கினேனோ. எங்கள் மூவரின் பயமும் சேர்ந்து, ஒருமித்த தீர்ப்பு என்ற பெயரில், இயந்திரத்துக்குப் பாடமாகப் போனது. நாங்கள் தயங்கினோம் என்பதற்கு எங்கும் தடயம் கிடையாது. இன்று ஒரு மென்பொருள் ஒரு மனிதரைப் பற்றி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உறுதி என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது கட்டம் ஞாபகம் வருகிறது. அந்த உறுதி எங்கே தயாரானது என்று நான் பார்த்திருக்கிறேன்.

நான் அந்த வேலையை உடனே விடவும் இல்லை. இன்னும் நான்கு மாதம் பார்த்தேன்.

மூன்றில் எதற்கு முதலிடம் என்று கேட்டிருந்தீர்கள். தலைப்புகளை வரிசைப்படுத்தி என்ன ஆகப்போகிறது? பத்துப் பக்கத்தையும் தள்ளி வைத்துவிட்டு ஒரே பக்கம் எழுதுங்கள். ‘மோசம்’ என்று எதைச் சொல்கிறோம், அதை யார் தீர்மானித்தார். யாரைப் பற்றி எங்கள் தரவில் எதுவுமே இல்லை. மென்பொருள் எந்த இடத்தில் ‘எனக்குத் தெரியவில்லை, ஒரு மனிதர் பார்க்கட்டும்’ என்று விலகி நிற்கும், அந்த மனிதருக்கு ஒரு விண்ணப்பத்துக்கு எத்தனை நிமிடம் கொடுப்பீர்கள், மென்பொருளோடு முரண்பட்டால் அவரை யாராவது கேள்வி கேட்பார்களா. மறுக்கப்பட்டவர் யாரிடம் போய் ஏன் என்று கேட்கலாம். மேலாளருக்குப் பிடிக்காமல் போகலாம். வெளியீடு தள்ளிப்போகும் என்பார். வேலை என்ன ஆகுமோ என்று உங்களுக்குப் பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

அதற்கு முன்னால் இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். உங்கள் நிரலின் பழைய பதிப்புகள் எல்லாம் சேமிப்பில் இருக்குமே, அதைத் திறந்து அந்த 90ஐ யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று பாருங்கள். அது நீங்களாகவே இருந்தாலும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.