மத்தேயோ, ஜூலியா, அடுத்தது யாரு? – வாசகர் கடிதம்

வணக்கம் அக்கா,

நான் திருச்சிக்காரி, வீட்டுக்காரர் நேப்பிள்ஸ் பக்கம், நாங்க இருக்கறது இத்தாலில போலோன்யால. பெரியவன் மத்தேயோ, அடுத்தவ ஜூலியா. இப்ப மூணாவது, பையன்தான்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க (இங்க சொல்லுவாங்கல்ல), ஆனா பேர் விஷயத்துல வீடு ரெண்டுபட்டுக் கெடக்கு. அவருக்கு மத்தியா, இல்லன்னா அந்த்ரேயா. மாமியாருக்கு மாமனார் பேர் ஜென்னாரோவத் தவிர வேற எதுவும் காதுல ஏறல, மூத்தவனுக்கே வைக்கலன்னு ஏற்கெனவே மனத்தாங்கல். எனக்கு என்னன்னா மூணு பேரையும் சேர்த்துச் சொன்னா ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு தெரியணும், ஊர்ல எங்கம்மா வாயிலயும் நுழையணும். ஜென்னாரோ ரொம்ப தாத்தா காலத்துப் பேரா இருக்கே, மத்த ரெண்டு பேரோட ஒட்டுமா? என் பேரப் போடாம பதில் எழுதுங்க.

—

மொதல்ல வாழ்த்துகள்மா. மாமியாரும் மருமகளும் அடிச்சுக்கற வீட்டுக்குள்ள மூக்க நுழைக்கக் கூடாதுதான், ஆனா நீங்களே கூப்பிட்டுட்டீங்க.

மத்தியாவ இன்னிக்கே லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடுங்க. மத்தேயோ, மத்தியா, ரெண்டும் சேர்ந்தா கேக்க அழகாத்தான் இருக்கும், ரைமிங்கா இருக்கும், ஆனா உங்க பர்ஸ்ல இருக்கற பெரியவனோட ஹெல்த் கார்டை எடுத்து கோதிச்சே ஃபிஸ்காலேவ, அதாவது அந்த வரி அடையாள நம்பரப் பாருங்க. முதல் மூணு எழுத்து குடும்பப் பேர், அடுத்த மூணு குழந்தை பேரோட மெய்யெழுத்து, அவனுக்கு எம், டி, டி (MTT). மத்தியாவுக்கும் அதே எம், டி, டி தான். பிறந்த வருஷம் வேறங்கறதால நம்பர் மொத்தமா ஒண்ணாயிடாது, ஆனா ஃபார்மஸில, ஸ்கூல்ல, டாக்டர் கிட்டன்னு எங்க போனாலும் முதல் ஆறு எழுத்து அச்சு அசல் ஒண்ணா இருக்கற ரெண்டு பையனுங்க, யாரோ ஒருத்தர் மாத்தி அடிக்காம இருக்கவே மாட்டாங்க. (ரெட்டைப் பசங்களுக்கு மார்க்கோ, மிர்க்கோன்னு வச்சா கோட் முழுசாவே ஒண்ணா வந்துடும், அப்புறம் வரி ஆபீஸ்ல நம்பருக்குப் பதிலா எழுத்தைப் போட்டுப் பிரிச்சுக் குடுப்பாங்க. இப்படி ஆகறதுக்குன்னே அங்க தனியா ஒரு பேர் வச்சிருக்காங்கன்னா பாத்துக்கோங்க.)

அந்த்ரேயா இத்தாலில ஆம்பளப் பேர், சந்தேகமே இல்ல, பொண்ணுக்கும் வைக்கலாம்னு 2012-ல அங்க இருக்கற உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. ஆனா உங்கம்மா பக்கத்து வீட்ல போய் பேரன் பேர் அந்த்ரேயான்னு சொன்னா "பேத்தியா?"ன்னுதான் கேப்பாங்க, அதுவும் அக்கா ஜூலியாங்கறப்ப ரெண்டும் 'யா'ல முடிஞ்சு, ஒரு பையன் ரெண்டு பொண்ணுன்னே ஆகிடும். லூக்கா, நிக்கோலா, எலியான்னு 'ஆ'ல முடியற ஆம்பளப் பேர் அங்க நெறைய உண்டு, இத்தாலிக்குள்ளயே இருந்தா கவலையில்ல, நீங்க வருஷா வருஷம் திருச்சி வர்றவங்க.

இப்ப ஜென்னாரோ. நான் உங்க மாமியார் கட்சி.

பேர் ஒட்டறதுன்னா ஒரே எழுத்துல ஆரம்பிக்கறதோ ஒரே மாதிரி முடியறதோ கெடையாது. அந்தக் காலத்துல பிள்ளைங்க நெறைய இருந்த வீடுகள்ல ப்ரீமோ, செக்கோந்தோன்னு ஆரம்பிச்சு ஏழாவதுக்கு செத்தீமியோ, எட்டாவதுக்கு ஒத்தாவியோன்னு எண்ணிக்கையாவே வச்சதுண்டு, அதுக்கு மேல செட்டு சேக்கறத பெருசா யாரும் மெனக்கெடறதில்ல. வீட்ல நெஜமா காதுல விழறது முழுப்பேரும் இல்லயே, உங்க வீட்டுக்காரர் பால்கனிலேர்ந்து எப்படிக் கூப்பிடறாருன்னு கவனிச்சுப் பாருங்க, தெக்கத்தி ஆளுங்க பேர்ல அழுத்தம் விழற எடத்தோட நிறுத்திடுவாங்க, அந்த்தோனியோ "அந்த்தோ!", மரியா "மரீ!". அந்தக் கணக்குல உங்க வீட்ல "மத்தே!", "ஜூ!", மூணாவது "ஜென்னா!". மூணும் மூணு விதம், யாரக் கூப்பிட்டாங்கன்னு அடுத்த தெருவுல வெளையாடறவனுக்கும் தெரியும். மத்தியா வச்சிருந்தா "மத்தே", "மத்தீ", ரெண்டு பேருமே நம்மள இல்லன்னு சொல்லிட்டு வராம இருக்க நல்ல சாக்கு.

உங்கம்மா விஷயமும் இதுலயே முடிஞ்சுடுது. இத்தாலில ரெட்டை எழுத்து வந்தா அழுத்திச் சொல்லணும், இங்கிலீஷ்காரங்க அதக் கோட்ட விட்டுடுவாங்க, நமக்கு அது பொறந்ததுலேர்ந்து பழக்கம். மத்தேயோவுல வர்ற 'த்த', ஜென்னாரோவுல வர்ற 'ன்ன', ரெண்டையும் உங்கம்மா லண்டன்காரனவிட சுத்தமாச் சொல்லுவாங்க. ஃபெதெரிக்கோ, லொரென்ட்ஸோ மாதிரி ஏதாவது வச்சாத்தான் கஷ்டம்.

பழைய பேர்ங்கறதெல்லாம் ஒரு குறையே இல்ல. 2018-ல லெயொனார்தோ முதலிடத்துக்கு வந்தது, இப்ப ஒரு கிளாஸ்ல ரெண்டு மூணு லெயொனார்தோ இருக்கான், உங்க பையன் ஒரே ஜென்னாரோவா இருந்துட்டுப் போகட்டுமே. நெஜமான சிக்கல் வேற. மத்தேயோவும் ஜூலியாவும் மிலான்லேர்ந்து பலெர்மோ வரைக்கும் எங்கயும் இருக்கற பேர், ஜென்னாரோ அப்படியில்ல, வாயத் தொறந்ததுமே நேப்பிள்ஸ். போலோன்யால ஸ்கூல் வாசல்ல "ஓ, நாப்போலியா?"ன்னு கேப்பாங்க, சில பேர் அதக் கிண்டலாவும் கேப்பாங்க. அது உங்களுக்கு உறுத்துமா, அவருக்கு உறுத்துமான்னு உக்காந்து பேசுங்க, ஏன்னா அந்த ஊரை விட்டு வந்தவர் அவரு, அவர் இந்தப் பேரத் தட்டிக் கழிக்கறதுக்குக் காரணம் அதுவாக்கூட இருக்கலாம்.

அவர் ஒரேயடியா முடியாதுன்னா ஒரு வழி இருக்கு. மூணு பேர் வரைக்கும் வைக்கலாம், ரெண்டு பேருக்கு நடுவுல கமா போட்டா சான்றிதழ்கள்ல முதல் பேர் மட்டும்தான் வரும், கமா போடாம எழுதிட்டா ரெண்டும் ஒரே பேராயி பாஸ்போர்ட்லேர்ந்து பள்ளிக்கூடம் வரைக்கும் ரெண்டையும் சுமக்கணும். அதனால "லூக்கா கமா ஜென்னாரோ"ன்னு பதிவு பண்றவர் கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கமா இருக்கான்னு கண்ணாலயும் பாருங்க. மாமியார் இதுக்கு ஏமாறுவாங்களான்னு எனக்கு சந்தேகம்தான், செப்டம்பர் 19, அந்தப் பேர் கொண்ட புனிதர் சான் ஜென்னாரோவோட திருநாள் அன்னிக்கு தாத்தாவுக்கும் பேரனுக்கும் சேர்த்து வாழ்த்துச் சொல்லணும்னு ஆசைப்படறவங்க கமாவுக்குப் பின்னாடி நிக்க ஒத்துக்குவாங்களா என்ன.

நம்ம ஊர் மாதிரி பேர் வைக்கற விழா வரைக்கும் தள்ளிப் போட முடியாது, ஆஸ்பத்திரியிலயே பதியறதுன்னா 3 நாள், முனிசிபாலிட்டி ஆபீஸ்ல 10 நாள், ஜூலியாவுக்கு அலைஞ்சது ஞாபகம் இருக்கும். அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு விசாரிச்சு வைங்க, மச்சினர், நாத்தனார் வீடுகள்ல ஏற்கெனவே எத்தன ஜென்னாரோ இருக்காங்க, அவங்கள எப்படிக் கூப்பிடறாங்கன்னு. ரீனோங்கற செல்லப் பேர் ஏற்கெனவே வேற ஒருத்தனுக்குப் போயிருந்தா ஜென்னி, ஜென்னியும் போயிருந்தா ஜென்னரீனோ.