பி0315 வந்தால் சென்சாரைத் திட்டாதீர்கள்

கேள்வி: ஐயா, என்னுடையது 2012 மாடல் செவ்ரோலே பீட், பெட்ரோல். கூலன்ட் ஹோஸ் வெடித்ததைக் கவனிக்காமல் பெருந்துறை வரை ஓட்டி இன்ஜினைச் சீஸ் ஆக்கிவிட்டேன், அது என் தப்பு. சென்னை புதுப்பேட்டையில் அதே மாடல் பழைய இன்ஜின் எடுத்து வந்து ஈரோட்டில் ஏற்றினோம். முதலில் ஸ்கேனரில் பி0300 என்று பழுதுக் கோட் வந்தது. பிளக், காயில் மாற்றியும் போகவில்லை. மெக்கானிக் இ.சி.யு.வை, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரை, வெளியே கொடுத்து சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றிக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து பி0315. அழித்தால் போகிறது, கொஞ்ச தூரம் ஓட்டினால் செக் இன்ஜின் விளக்கு மறுபடி எரிகிறது. க்ராங்க் என்கிற இன்ஜின் தண்டின் சுழற்சியைக் கவனிக்கும் க்ராங்க் சென்சார் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. வண்டி ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. இப்போது இ.சி.யு.வே போய்விட்டது, வேறு போடலாம் என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். வேறு இ.சி.யு. போட்டால் திருட்டைத் தடுக்கும் இமொபிலைசர் சாவியோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அதையும் முடித்துவிட்டு விளக்கைப் பார்த்தால் அது அப்படியே எரிந்துகொண்டிருக்கும்.

பி0315 க்ராங்க் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. சென்சாரோ அதன் வயரிங்கோ போயிருந்தால் பி0335, பி0336 என்று வரும். இந்தக் கோட் மூலம் இ.சி.யு. சொல்வது, இந்த இன்ஜினின் க்ராங்க் எப்படிச் சுற்றும் என்பதை நான் இன்னும் படிக்கவில்லை, அவ்வளவுதான். படிக்க வைக்காமல் எத்தனை தடவை அழித்தாலும் திரும்பி வரத்தான் செய்யும்.

க்ராங்கோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. ஒரு பல் போய் அடுத்த பல் வர எத்தனை நேரம் ஆனது என்று இ.சி.யு. எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு சிலிண்டரில் நெருப்பு பிடிக்காவிட்டால் அந்த இடத்தில் க்ராங்க் ஒரு துளி மெதுவாகும், அதை வைத்துத்தான் மிஸ்ஃபயர் என்று கண்டுபிடிக்கிறது. சிக்கல் என்னவென்றால், எந்த இரண்டு சக்கரத்திலும் பல் இடைவெளி அச்சாக ஒன்றாக இருக்காது, தயாரிக்கும்போதே மயிரிழை வித்தியாசம் வந்துவிடும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது மிஸ்ஃபயரால் வரும் தடுமாற்றமும் அதே மயிரிழைதான். செக்குக் கடையில் தூக்குச்சட்டியை முதலில் வெறுமனே எடை போட்டு, அப்புறம் எண்ணெய் ஊற்றி, சட்டி எடையைக் கழிப்பார்களே, அதே மாதிரி இ.சி.யு.வும் சக்கரத்தின் சொந்தக் கோணலை ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டு கழிக்கிறது.

இப்போது உங்கள் கதையைப் பாருங்கள். சட்டி மாறிவிட்டது, கடைக்காரர் பழைய சட்டியின் எடையையே கழித்துக்கொண்டிருந்தார். முதலில் வந்த பி0300, அதாவது எல்லா சிலிண்டரிலும் அங்கங்கே மிஸ்ஃபயர், பெரும்பாலும் அப்படி வந்த பொய்க் கணக்காகத்தான் இருக்கும், வண்டியில் நடுக்கமே இல்லை என்கிறீர்களே. அதற்குப் பிளக், காயில் மாற்றியது வீண் செலவு. அப்புறம் சாஃப்ட்வேர் ஏற்றியபோது பழைய எடையும் அழிந்தது, அதனால் பி0315. மெக்கானிக்கை ரொம்பவும் குறை சொல்ல மாட்டேன், பல வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்ரோலே ஏவியோ காரில் நானும் இதே கோட்டுக்கு சென்சார் வாங்கிப் போட்டு அசடு வழிந்தவன்தான்.

செய்ய வேண்டியது ‘க்ராங்க்ஷாஃப்ட் வேரியேஷன் லேர்ன்’, அதாவது புதுச் சக்கரத்தின் கோணலை இ.சி.யு.வைப் படிக்க வைப்பது. போனில் புளூடூத்தில் மாட்டும் மலிவு ஸ்கேனரில் இது கிடையாது, அது கோட் படிக்கும், அழிக்கும், அதோடு சரி. செவ்ரோலேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கான ஸ்பெஷல் ஃபங்ஷன் உள்ள மல்டி பிராண்ட் ஸ்கேனர் வேண்டும். செவ்ரோலே 2017 கடைசியோடு இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது, ஆனாலும் இந்த ஸ்கேனர் வைத்திருக்கிற வொர்க்ஷாப் ஈரோட்டிலோ கோவையிலோ கிடைக்காமல் போகாது. முதலில் போன் போட்டு, இந்தப் பெயரைச் சொல்லி, மெனுவில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வேலை பத்து நிமிடம்கூட ஆகாது. இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ஏ.சி. நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பானெட்டை மூடிவிட்டு, ஸ்கேனர் சொல்லும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். வண்டி அலறும், பயப்படாதீர்கள். ஒரு கட்டத்தில் இ.சி.யு.வே பெட்ரோலை வெட்டும், சத்தம் திக்கும், அந்த நொடியே காலை எடுத்துவிட வேண்டும். வேகம் தானாக இறங்குகிற அந்தச் சில நொடியில்தான் அது படிக்கிறது. நிறைய பேர் காலை மெதுவாக எடுத்தே கெடுக்கிறார்கள். முடிந்தது என்று ஸ்கேனரில் வந்ததும் இக்னிஷனை அணைத்து அரை நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

க்ராங்க் சென்சார் கோட்டோ, வால்வுகளை இயக்கும் தண்டைக் கவனிக்கும் கேம் சென்சார் கோட்டோ உள்ளே இருந்தால் படிக்கவே ஆரம்பிக்காது. அதை முதலில் சரி செய்ய வேண்டும். ஒரு கோட்டும் இல்லாமலேயே திரும்பத் திரும்பத் தோற்றால் இன்ஜின் இறக்கி ஏற்றியபோது நடந்த வேலையைச் சந்தேகப்படுங்கள். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் வயரை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது பெயின்ட் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதுவும் சரியாக இருந்தால் ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு க்ராங்க் புல்லியை உற்றுப் பாருங்கள். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உள்ளே வெளியே நகர்ந்தால் பேரிங் தேய்ந்த இன்ஜினை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள், கடைக்காரரிடம் திரும்பப் பேச வேண்டிய விஷயம் அது.

கேள்வி: பேட்டரி டெர்மினலை ஒரு ராத்திரி கழற்றி வைத்தால் செக் இன்ஜின் விளக்கு போய்விடும் என்கிறார்களே?

பதில்: பல வண்டிகளில் போகும், காரணம் போகாது. கோட் விழுந்த நேரத்தில் வேகம், சூடு, லோடு என்ன என்று இ.சி.யு. குறித்து வைத்திருந்ததும் சேர்ந்து அழிந்துவிடும். மெக்கானிக்குக் கிடைக்கிற ஒரே சாட்சி அதுதான். கழற்றுவதற்கு முன் ஸ்கேன் திரையைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்ஜின் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டுமா? அதே மாடல் இன்ஜின்தானே?

பதில்: மாடல் ஒன்று, நம்பர் வேறு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புது இன்ஜின் நம்பரைப் பதிய வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்து கிளெய்மின்போது கேள்வி வரும். அதனால் பழைய இன்ஜின் வாங்கும்போதே ரசீதில் இன்ஜின் நம்பரை எழுதி வாங்குங்கள், அது எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்பதற்கு அந்த ஆர்.சி. நகலையும் கேளுங்கள். ரசீது தர மாட்டேன், ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிற கடையில் நிற்காதீர்கள், அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.