கோடை விடுமுறையில் குழந்தைகளோடு வீட்டுக்குள்ளேயே உருப்படியாகப் பொழுதைப் போக்க என்ன செய்யலாம்?

கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், இரண்டு பிள்ளைகள், அடுக்குமாடி வீடு, விளையாட்டாகவும் இருக்க வேண்டும், நாலு விஷயம் கற்றுக்கொள்ளவும் வேண்டும், உடம்பும் கொஞ்சம் அசைய வேண்டும், அதற்கு நல்ல கிட் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் எல்லாரும் வாங்க வேண்டிய சாமான்களையே அடுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளைகளை உட்கார வைத்து, கையில் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, நாம் போனைப் பார்க்கிற எந்த ஏற்பாடும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. பெரியவர்கள் தாங்களும் உட்கார்ந்து, ஜெயிக்க வேண்டும் என்ற நினைப்போடு ஆடுகிற ஆட்டம்தான் வீட்டில் நிற்கும். எங்கள் வீட்டில் நின்றது பல்லாங்குழியும் தாயமும்.

என் மாமனார் காலமான பிறகு அத்தை எங்களோடு சென்னைக்கு வந்துவிட்டார்கள். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே தெரு முழுக்கச் சொந்தம். இங்கே எதிர்வீட்டுக் கதவு திறந்தே பார்த்ததில்லை. டிவியில் அவர்களுக்கு நாட்டமில்லை. சாப்பிடுவார்கள், பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும். மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் முடிந்ததும் இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு போன். ஒரே வீட்டுக்குள் ஆளாளுக்கு ஒரு மூலை.

பங்குனி மாதம் ஊரிலிருந்து வருஷத்துக்கான புளி வந்து இறங்கும். அதைத் தட்டிக் கொட்டை எடுப்பது அத்தையின் வேலை. ஹாலில் சாக்கை விரித்து உட்கார்ந்தபோது சின்னவன் பக்கத்தில் போய், கொட்டைகளை அள்ளி அள்ளித் தரையில் கொட்டிக்கொண்டிருந்தான். அத்தை நாலு நல்ல கொட்டையாகப் பொறுக்கினார்கள். பால்கனியின் சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் பரபரவென்று தேய்த்தார்கள். பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். தேய்த்த சூட்டோடு கொட்டையைப் பேரன் கையில் லேசாக வைத்தார்கள், அவன் "ஆ" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினான். உள்ளே இருந்த பெரியவள் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். கிராமத்தில் வளர்ந்த எல்லாருக்கும் இந்தச் சூடு தெரியும். என் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலு கொட்டையையும் உருட்டிப் போட்டு, வெள்ளை எத்தனை தெரிகிறதோ அத்தனை கட்டம் நகர்த்துவது. அப்படித்தான் எங்கள் வீட்டில் தாயம் ஆரம்பம். ஊருக்குப் போன என் கணவர், அத்தையின் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து பித்தளைத் தாயக்கட்டை ஜோடியைக் கொண்டுவந்தார். மூலைகள் தேய்ந்து போய், கையில் எடுத்தால் வழவழவென்று இருக்கும்.

பல்லாங்குழியை முதலில் சொல்லிவிடுகிறேன், சின்னப் பிள்ளைக்கு அதுதான் சரி. ஆளுக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 கொட்டை, ஆக 70. ஒரு குழியில் இருப்பதை அள்ளி வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைக்கொட்டை தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதும் அதன் எதிர்க்குழியில் இருப்பதும் நமக்கு. ஆட்டத்துக்கு நடுவில் ஒரு குழியில் நாலு சேர்ந்துவிட்டால் அது 'பசு', குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம். இது எங்கள் வீட்டு வழக்கம். உங்கள் ஊரில் வேறு மாதிரி ஆடுவீர்கள், குழிக்கு 6 போடுகிறவர்களும் உண்டு. அதற்காக என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

எந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் கொட்டை எங்கே போய் விழும் என்று யோசித்துத்தான் கை வைக்க வேண்டும். சின்னவன் முதலில் வாய்விட்டு எண்ணுவான். அப்புறம் வாய் மூடியது, ஆள்காட்டி விரல் மட்டும் குழிகளுக்கு மேலே காற்றில் ஒவ்வொரு புள்ளியாகக் குத்திக்கொண்டு போகும். பிறகு விரலும் நின்றுபோய், கண் மட்டும் ஓடும். அந்த வருஷம் அவனுக்குக் கூட்டல் கணக்கு சொல்லிக்கொடுக்க நான் தனியாக உட்கார வேண்டியிருக்கவில்லை.

தாயம்தான் எங்கள் வீட்டின் பெரிய ஆட்டம். தாயக்கட்டையின் நாலு முகத்தில் ஒன்று வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்ட வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. கூட்டி ஒன்று வந்தால் அதற்கும் தாயம் என்றுதான் பெயர், அது விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். குறுக்குக்கோடு போட்ட கட்டம் மலை, அதில் நிற்கிற காயை வெட்ட முடியாது. ஒரு காயையாவது வெட்டாமல் பழத்துக்கு, அதாவது காய் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்துக்கு, போக முடியாது.

பெரியவளுக்குத் தாயமே விழாமல் ஒரு நாள் அழுகை வந்துவிட்டது. "எனக்கு மட்டும் ஏன் மூணு மூணா விழுது?" என்று கேட்டாள். அவள் அப்பா நோட்டை எடுத்து நாலுக்கு நாலு கட்டம் போட்டு, ஒரு கட்டையின் முகங்களை மேலேயும் இன்னொன்றின் முகங்களைப் பக்கவாட்டிலும் எழுதிக் கொடுத்து, கூட்டி நிரப்பச் சொன்னார். மொத்தம் 16 கட்டம். தாயம் விழ 2 வழி, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நாலுக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றுதான். மூன்றுதான் எல்லாவற்றையும் விட அதிகம் விழும். அவள் நம்பவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு, கட்டையை உருட்டி உருட்டித் தானே சரிபார்த்தாள். பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நிகழ்தகவை அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்து கண்டுபிடித்தது.

அதை ஆச்சியிடம் பெருமையாகக் காட்டினாள். அத்தை நோட்டைப் பார்க்கவே இல்லை. "மூணுதாம்ட்டி நெறைய விழும். அதாம் நான் ஒன் காய்க்கு மூணு தள்ளி நிக்கதே இல்ல. நீ பாத்ததில்லையா?" என்றார்கள். எங்கள் யாருக்கும் பேச்சு வரவில்லை. அன்றிலிருந்து அவர்கள் காய் நகர்த்துவதைக் கவனித்தால், உண்மைதான். எதிராளியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் மலை இல்லாத இடத்தில் வந்து நிற்கவே மாட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவர்கள். அந்தக் கணக்கு அவர்கள் கையில் அத்தனை வருஷமும் இருந்திருக்கிறது.

பேரன் என்பதற்காக விட்டுக்கொடுப்பதும் கிடையாது. நான் ஒருமுறை, "சின்னப் பையன்தானே அத்தை" என்றேன். "வெட்டாம விட்டா அவன் எப்பம் ஆடிப் படிப்பான்?" என்று சொல்லிவிட்டு வெட்டினார்கள். அவன் அழுதான், அடுத்த ஆட்டத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். இப்போது சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் அத்தை மாத்திரை போட்டு, தலை சீவி, பலகையில் சாக்பீஸால் கட்டம் கிழித்துத் தயாராக இருப்பார்கள். பால்கனி நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.

இதற்கு வரப்போகிற மறுமொழிகள் எனக்குத் தெரியும். தாயம் சூதாட்டம், ஆடினால் வீடு விளங்காது என்பார்கள். காசு வைத்து ஆடினால்தான் சூது. நாங்கள் ஒரு பைசா வைத்ததில்லை. பழம்பெருமை பேசுகிறேன் என்பார்கள். கேரம், செஸ், சீட்டு எதையும் நான் குறை சொல்லவில்லை, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதில் கெட்டிக்காரர்களோ அதை ஆடுங்கள். பழமை என்றே வைத்துக்கொண்டாலும் அதில் என்ன தவறு? 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். தந்தத்தில் செய்த பகடைக்காயும் சுடுமண் ஆட்டக்காய்களும் அகழாய்வில் கிடைத்தவை. அவற்றின் முன்னால் என் மகள் நின்ற நேரம், வேறு எதன் முன்னாலும் நிற்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஏது என்பார்கள். நானும் வேலைக்குப் போகிறவள்தான், அதுவும் ஆடிட்டர் அலுவலகத்தில். பலகையில் கட்டம் கிழித்து ஆடினால், பாதி ஆட்டத்தில் காய் கலையாமல் அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். அத்தை உட்காருவது போலக் கீழே உட்கார முடியாதவர்கள் இருந்தால், பலகையை ஸ்டூல் மேல் வைத்தால் போகிறது.

உடம்பு அசைவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அதற்குப் போதாது. 5 வயது முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஹாலில் பாண்டிக் கட்டம் போட்டால் கீழ்வீட்டிலிருந்து ஆள் வருகிறது. ஸ்கிப்பிங் கயிறு எடுத்தால் பத்து நிமிடத்தில் போன் வருகிறது. சரி, மொட்டைமாடிக்குப் போகலாம் என்றால் அதற்குப் பூட்டு.

இதைச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. எங்கள் குடியிருப்பில் மாதாமாதம் பராமரிப்புத் தொகை வாங்குகிறார்கள், ஒரு நாள் தள்ளினால் அபராதமும் உண்டு. மொட்டைமாடிச் சாவியை மட்டும் தர மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பாதுகாப்பு, கைப்பிடிச்சுவர் உயரம் போதாது, வாடகைக்கு இருப்பவர்கள் பாட்டில் கொண்டுபோகிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு காரணம். சுவர் உயரம் போதாதென்றால் கம்பி போட வேண்டியதுதானே, அதற்குத்தானே பணம் கட்டுகிறோம்? வடகம் பிழிந்தால் காயவைக்க இடமில்லை. கீழே பிள்ளைகள் ஓடிய இடத்தில் இப்போது கோடு போட்டுக் கார் நிற்கிறது. அத்தை கூழ் வடகம் போடுகிற நாளில் பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து துணியில் கரண்டி கரண்டியாக ஊற்றுவார்கள், காக்காய் விரட்டுவார்கள். அதை இப்போது ஊருக்குப் போனால்தான் செய்ய முடிகிறது. கூட்டத்தில் எழுந்து கேட்டதற்கு, "உங்களுக்கு மட்டும் என்னம்மா பிரச்சினை" என்றார் ஒருவர். எழுதிக் கொடுத்திருக்கிறேன், திரும்பவும் எழுதிக் கொடுப்பேன். அதுவரைக்கும் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாநகராட்சிப் பூங்காவுக்குப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போகிறோம்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வீட்டில் பெரியவர்கள் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருக்கும் அம்மாவையோ அத்தையையோ வீடியோ அழைப்பில் கூப்பிட்டு, பலகை தெரிகிற மாதிரி போனைச் சாய்த்து வையுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் காய் நகர்த்தலாம். சின்னப் பிள்ளைக்குப் பல்லாங்குழியில் தொடங்குங்கள், மரப்பலகை வாங்கத் தேவையில்லை, தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டால் போதும். கொட்டைக்குப் புளியங்கொட்டையோ சோழியோ எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்கிறதே என்று குன்றிமணி மட்டும் வேண்டாம், அது விஷம். வாயில் எதையும் போட்டுக்கொள்கிற வயதில் குழந்தை இருந்தால் கொட்டைகளை எண்ணி எடுத்து, ஆட்டம் முடிந்ததும் 70 இருக்கிறதா என்று பார்த்து டப்பாவில் மூடி வையுங்கள். எண்ணுகிற வேலையைப் பெரிய பிள்ளையிடம் கொடுத்துவிடலாம்.