சபை வரலாற்றில் வெள்ளைக்கார ஐயர் மட்டுமா? எல்லையோரத்து வாசகிக்கு ஒரு பதில்

களியக்காவிளை தாண்டி, பாறசாலைப் பக்கத்துச் சிறு சபை ஒன்றின் ஆண்டுமலர்க் குழுவில் இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். ‘எங்கள் கோயில் முகப்புக் கல்லில் கொல்லம் 1026 ஐப்பசி என்று இருக்கிறது. அது 1850 என்று சிலர், 1851 என்று சிலர். குதிரையில் வந்த ஒரு வெள்ளைக்கார ஐயர்தான் (மிஷனரிதான்) சபையைத் தொடங்கினார் என்று பாட்டிமார் சொல்வார்கள். அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. எங்கே தேடுவது? என் பாட்டியின் பாட்டி பெயராவது எங்கேயாவது இருக்குமா?’

முதலில் கல்லை முடித்துவிடுவோம். திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி தொடங்கி டிசம்பர் முடியும்வரை உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடிக் கடைசிவரை 825. உங்கள் கல்லில் ஐப்பசி என்று இருப்பதால் 1850. ஆடி என்று இருந்திருந்தால் 1851 என்றவர்கள் சொன்னது சரியாகியிருக்கும். கல்லறைகளில் தேதி பார்க்கும்போதும் இதே கணக்குதான். மாதத்தைப் படிக்காமல் ஆண்டை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள்.

ஆனால் அந்தக் கல் சொல்வது கட்டடத்தின் வயதை. சபைக்கு வயது அதைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் தென் திருவிதாங்கூர் ஊர்களில் பொதுவாக முதலில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேரும். அப்புறம் ஒரு ஓலைக் கொட்டகை. பகலில் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை அதுவே ஜெபவீடு. சேர்ந்தவர்களுக்கு உடனே ஞானஸ்நானம் கிடைக்காது. வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. மண்சுவரும் கல்சுவரும் அதற்கெல்லாம் பிறகுதான். ஆகவே ‘தொடக்கம்’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று மலரில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: முதல் குடும்பமா, பள்ளியா, முதல் ஞானஸ்நானமா, கட்டடமா? ஒரு மலருக்கு நான் உதவியபோது இதைப் பிரித்துப் பார்க்காமல் மிஷனரி வந்துபோன ஆண்டையே தொடக்கம் என்று அச்சிட்டுவிட்டோம். அதற்கு முந்திய பள்ளிக்கூடக் குறிப்பு பிறகுதான் கண்ணில் பட்டது. அந்தப் பள்ளியை நடத்திய மனிதர் மலரிலேயே இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

குதிரைக்காரர் யார்? உங்கள் பகுதியில் வேலை செய்தது லண்டன் மிஷனரி சங்கம். அதன் முதல் மிஷனரியான ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1806-ல் திருவிதாங்கூருக்குள் வந்தார். அவர் வருவதற்கு முன்பே மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூர்ப் பக்கம் போய், எங்கள் ஊருக்கு ஒரு குருவை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். அதாவது இந்த நாட்டில் இந்த வேலை ஓர் ஊர்க்காரர் போய்க் கேட்டதில்தான் தொடங்கியது. 1816-ல் ரிங்கல்தௌபே போன பிறகு, அடுத்த மிஷனரியான மீட் 1818-ல் வந்து சேரும்வரை சபைகளைப் பார்த்துக்கொண்டவரும் வேதமாணிக்கம்தான். பாறசாலை தனி மிஷன் நிலையமானது 1840-களில், ஜான் ஆப்ஸ் காலத்தில். அவர் 1850-களின் இறுதிவரை திருவிதாங்கூரில் இருந்தார். உங்கள் கல்லின் ஆண்டைப் பார்த்தால் பாட்டிமார் சொல்லும் ஐயர் பெரும்பாலும் அவராகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் பதிவேட்டில் கையெழுத்தைப் பார்க்காமல் அச்சிட வேண்டாம்.

தேடலை வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். லண்டன் கடைசியில் வரட்டும். உங்கள் சபையிலும், சேகரத்தின் (பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டத்தின்) பழைய தலைமைச் சபையிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று வகைப் பதிவேடுகள் இருக்கும். ஒரு கோயிலில் தகரப்பெட்டியின் அடியில், பழைய பாட்டுப் புத்தகங்களுக்குக் கீழே அப்படி ஒன்றைப் பார்த்தேன். மை காகிதத்தையே தின்று, எழுத்து இருந்த இடமெல்லாம் ஊசித்துளையாகியிருந்தது. தேதி தமிழ் எண்களில். தகப்பன் தொழில் ‘பனையேற்று’. சாட்சிக்காரரின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கீறல், பக்கத்தில் வேறொருவர் கையால் ‘இன்னார் கீறல்’ என்று குறிப்பு. அந்தக் கீறலைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அது அவருடைய பாட்டனாரின் தகப்பனார் போட்டது.

இத்தகைய ஏட்டுக்கு செல்லோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் அதை ஒரேயடியாகக் கெடுத்துவிடும். ஜன்னலோரம் மேசையில் விரித்து, ஃபிளாஷ் இல்லாமல் செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். இன்னொன்று, உங்கள் சபையில் இளைஞர்கள் மலையாளப் பள்ளிகளில் படித்தவர்களாக இருப்பார்கள். பழைய ஏடு தமிழில் இருக்கும். ‘னை’, ‘லை’ எல்லாம் பழைய கொம்போடு, பல இடங்களில் புள்ளியே இல்லாமல் வரும். பழைய தமிழ் அச்சைப் படித்துப் பழகிய ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லை விஷயத்தையும் மறக்க வேண்டாம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. உங்கள் பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஒன்றாக இருந்த திருமண்டலமும் 1959-ல் பிரிந்து, குமரிக்குத் தனித் திருமண்டலம் வந்தது. அதனால் உங்கள் ஊர்க் காகிதம் திருவனந்தபுரத்திலும் இருக்கலாம், நாகர்கோவிலிலும் இருக்கலாம். இரண்டு இடத்திலும் கேளுங்கள். கோயில் நிலத்தின் பிரமாணத்தையும் (பத்திரத்தையும்) எடுத்துப் பாருங்கள். நிலம் கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். அந்தக் குடும்பத்தார் இன்றும் ஊரில் இருந்தால் பாதி வரலாறு அங்கேயே கிடைத்துவிடும்.

இனி அச்சில் உள்ளவை. ஆப்ஸ் தம் இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தை 1870-ல் புத்தகமாக்கினார். 1859-ல் வந்த சாமுவேல் மெட்டீர் 1871-லும் 1883-லும் திருவிதாங்கூர் பற்றி இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் மண்ணைச் சேர்ந்த சி. எம். ஆகூர் 1903-ல் வெளியிட்ட திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாற்றையும் கட்டாயம் பாருங்கள். மிஷனரிகளின் கையெழுத்துக் கடிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் உள்ளன. பட்டியல் இணையத்தில் இருக்கிறது. எந்த ஆண்டு, எந்த நிலையம் என்று தெரிந்துகொண்டு எழுதிக் கேட்டால் நகல் பெற வழி உண்டு. ஊர்ப்பெயரைத் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பாறசாலையையே ‘பரேச்சாலி’ என்று ஒலிக்கும்படிதான் எழுதியிருப்பார்கள். உங்கள் ஊர்ப்பெயரை ஒரு வெள்ளைக்காரர் காதால் கேட்டு எழுதினால் எப்படி எழுதுவார் என்று ஐந்தாறு விதமாக எழுதிப் பார்த்துத் தேடுங்கள்.

இவற்றைப் படிக்கும்போது, யாருக்காக எழுதினார்கள் என்பது மனதில் இருக்கட்டும். இங்கிலாந்தில் காணிக்கை போட்டவர்கள் படிப்பதற்காக எழுதியவை அவை. கண்ணீர் வரவழைக்கும் கதைகள் இருக்கும், நம் மக்களைத் தாழ்த்தும் சொற்களும் இருக்கும். நான் கதையை விட அட்டவணையை நம்புவேன். அதிலும் சேர்ந்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், நற்கருணை பெறுவோர் என்று தனித்தனி எண்கள் வரும். அவற்றைக் கூட்டிவிடாதீர்கள். ஒரே ஆள்தான் மூன்றிலும் இருப்பார்.

இப்போது உங்கள் பாட்டியின் பாட்டி. இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். மிஷன் விடுதிப் பள்ளியில் ஒரு பிள்ளையின் செலவை இங்கிலாந்தில் யாராவது ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. ஊரிலேயே இருந்து சபையைப் பார்த்துக்கொண்ட நம்மூர் ஊழியர்களான உபதேசிமார் சிலருக்கும் அப்படித்தான். ஆகையால் பட்டியலில் ஆங்கிலப் பெயரைப் பார்த்து இது வெள்ளைக்காரப் பெண் என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர் என்று வாழ்ந்த நம் பெண்ணாக இருக்கலாம். உங்கள் வீட்டில் தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வைக்கப்படும் ஆங்கிலப் பெயர் ஏதாவது உண்டா? அதிலிருந்து தேடுங்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் நடத்திய பள்ளியில் படித்த பெண்கள் லேஸ் பின்னிச் சம்பாதித்தார்கள். அந்தக் காசில் தங்கள் விடுதலையை வாங்கிய அடிமைப் பெண்களும் அதில் இருந்தார்கள்.

ஆமாம், அடிமைகள். உங்கள் கல்லை நட்டபோது திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்தது. 1855-ல்தான் அது ஒழிந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரசு அறிவிப்பு 1859 ஜூலையில், அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. உங்கள் கோயில் கட்டடத்தின் முதல் ஒன்பது ஆண்டுகள் இந்தப் போராட்டங்களுக்கு நடுவே போனவை. கோயிலுக்கு நடந்துவந்த பெண்கள் வழியில் என்ன பட்டார்கள் என்ற நினைவு வீடுகளில் இன்னும் இருக்கும். குலம், சாதி பற்றிய பகுதி சங்கடமாயிருக்கிறது என்று கமிட்டியில் யாராவது எடுக்கச் சொன்னால், தயவுசெய்து எடுக்காதீர்கள். பழைய நூல்களின் இழிசொற்களைத் திருப்பி அச்சிட வேண்டாம், நடந்ததை நம் சொல்லில் எழுதுங்கள்.

பாட்டிமாரிடம் போகும்போது ‘சபையை யார் தொடங்கினார்’ என்று கேட்டால் குதிரைக்காரர்தான் வருவார். மணி அடித்தது யார், பள்ளிக்கூடம் எந்த மரத்தடியில் இருந்தது, உபதேசியார் யார் வீட்டில் சாப்பிட்டார், பிரசவ வீட்டுக்கு ஜெபிக்க வந்த பெண் யார் என்று கேளுங்கள். ஒரு மிஷனரிக்குக் கீழே பல ஊர்ச் சபைகள். அவர் உங்கள் ஊருக்கு வந்தது வருடத்தில் சில நாள்தான். மீதி நாளெல்லாம் மழையிலும் வெயிலிலும் அங்கே கிடந்தவர் உபதேசியார். அவர் பெயர் கிடைத்துவிட்டால் மலரின் முதல் பக்கத்தில் போடுங்கள். ஐயரின் படம் இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும்.